கோப்பை ஏந்தி வந்தவர்

கையிலே ஒரு கோப்பை பீர். முகத்திலே காது வரை விரிந்த சிரிப்பு. உடம்பிலே பண்ணைப் பிரபுக்கள் போட்டுக்கொள்ளும் வகைக் கோட்டு. ஆனால் நிற்கும் இடமோ, உழைத்துக் களைத்தவன் மாலையில் ஒதுங்குகிற சாதாரண மதுக்கடை. இப்படி ஒரு படத்தை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு, "சீமையிலே இது ஒரு கூத்து" என்று பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். படத்திலிருப்பவர் நைஜல் ஃபராஜ். ரிஃபார்ம் கட்சியின் தலைவராக 2024ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குள் நுழைந்தவர். 2025 மே மாதத்துக்குப் பிறகு அங்கே எடுத்த கருத்துக் கணிப்புகள் பலவற்றில் முதலிடம் பிடித்த கட்சி அவருடையது.

சீமை அரசியல் நமக்கேன் என்று கேட்கலாம். கேளுங்கள், ஆனால் அந்தப் படத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். கோப்பை ஏந்தியவரை விட்டுவிடுங்கள். அவர் தோளிலே தட்டி, "சபாஷ், நம்ம ஆள்!" என்கிறானே, அவனைப் பாருங்கள். அவன் லாரி ஓட்டுகிறவன். கொத்து வேலை செய்கிறவன். மூடப்பட்ட இரும்பாலையிலே முப்பது வருஷம் உழைத்துவிட்டு இன்று வீட்டிலே உட்கார்ந்திருப்பவன். அவனைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

ஃபராஜைப் பற்றி அங்கே பேச்சு ஓய்வதேயில்லை. ஆலையின் உணவுக்கூடத்திலும் பேச்சு, பஸ் நிற்கும் இடத்திலும் பேச்சு, இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிற கைப்பேசியிலும் பேச்சு. டிக்டாக்கிலே அவரைப் பின்தொடர்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2025ல் பிரிட்டிஷ் எம்.பி.க்களில் வேறெவரும் அந்தத் தொகையை நெருங்கவில்லை. "மற்றவர்கள் மென்று விழுங்குவதை இவர் வாய்விட்டுச் சொல்கிறார், அதனால்தான் பெரிய இடத்துக்காரர்களுக்கு இவர்மேல் எரிச்சல்" என்று ஒரு சாரார் கொண்டாடுகிறார்கள். "சரியான இனவெறியர், அவருக்கு ஓட்டுப் போடுகிறவன் படிக்காத மூடன்" என்று மறு சாரார் ஏசுகிறார்கள். சிலர் அவருடைய பீரையும் சிகரெட்டையும் பார்த்துச் சிரிப்பதோடு சரி. 2024 ஜூனில், கிளாக்டன் ஊரிலே அவர் பிரசாரத்தைத் தொடங்கிய அன்றே மில்க்ஷேக்கை முகத்திலே வீசினார்கள். அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. அதனால் அவருக்கு ஓர் ஓட்டாவது குறைந்திருக்குமென்று நான் நம்பவில்லை.

கொண்டாடுகிறவன் பேச்சு எனக்குப் புரிகிறது. சிரிக்கிறவன் பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் "மூடன்" என்கிறார்களே, அதுதான் நெஞ்சிலே உறுத்துகிறது. ஏனென்றால் அந்தச் சொல்லைச் சொல்கிறவர்களில் பலர் தங்களைத் தொழிலாளியின் நண்பர்கள் என்று கூறிக்கொள்கிறவர்கள்.

யார் இந்த மனிதர்? 1964ல் கெண்ட் வட்டாரத்திலே, பங்குத் தரகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். டல்விச் காலேஜில் படித்தார். பெயர்தான் காலேஜ், உள்ளபடியே அது வசதியுள்ளவர்கள் பணம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிக்கூடம். 1982ல் படிப்பை முடித்ததும் நேரே லண்டன் உலோகச் சந்தைக்குப் போனார். செம்பையும் ஈயத்தையும் கையால் தொடாமலே செம்பையும் ஈயத்தையும் வாங்கி விற்கும் தொழில் அது. 1992ல் கன்சர்வேடிவ் கட்சியை விட்டார். ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் விலகவேண்டும் என்பதையே உயிர்மூச்சாகக் கொண்ட புதுக் கட்சியை அடுத்த ஆண்டு சிலருடன் சேர்ந்து தொடங்கினார். எந்த ஐரோப்பியப் பார்லிமெண்டு வேண்டவே வேண்டாம் என்றாரோ, அந்தப் பார்லிமெண்டிலேயே 1999 முதல் 2020 வரை உறுப்பினராக இருந்து சம்பளமும் வாங்கினார். சீமைப் பார்லிமெண்டுக்கு ஏழு முறை நின்றார், ஏழு முறையும் தோற்றார். எட்டாம் முறை, 2024 ஜூலை 4ந் தேதி, கிளாக்டனில் 21,225 ஓட்டு வாங்கி, 8,405 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். இந்த விடாப்பிடியை மட்டும் எவரும் குறை சொல்ல முடியாது.

அந்தக் கிளாக்டன் தொகுதிக்குள்ளேதான் ஜேவிக் என்ற கடற்கரைக் குடியிருப்பு இருக்கிறது. இங்கிலாந்திலே மிகவும் நலிந்த பகுதி எது என்று சர்க்கார் கணக்கெடுக்கிறதே, அந்தப் பட்டியலில் 2010, 2015, 2019, 2025 என்று நான்கு முறையும் முதலிடம் ஜேவிக்குக்குத்தான். லண்டன் உழைப்பாளிகள் கோடை விடுமுறைக்குத் தங்குவதற்கென்று மலிவாகக் கட்டிய சிறு வீடுகள் நிறைந்த ஊர். பிறகு அவற்றிலேயே ஆண்டு முழுவதும் குடியிருக்கும்படி ஆயிற்று. உலோகச் சந்தைத் தரகர், ஜேவிக் ஏழையின் பிரதிநிதி! எப்படி நடந்தது இந்த விந்தை?

அதற்குப் பதில் தேட நாம் கொஞ்சம் பின்னே போகவேண்டும். அரசியலில் தம் மனம் கவர்ந்த வீரர் யார் என்ற கேள்விக்கு ஃபராஜ் சொன்ன பெயர் ஒன்று உண்டு: ஈனாக் பவல்.

பவல், கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவ அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தார். உருது கற்றார். ஒரு நாள் இந்த நாட்டுக்கே வைசிராயாக வரவேண்டுமென்று கனவு கண்டார். பாவம், 1947ல் அந்த வேலையே இல்லாமல் போய்விட்டது! ஊர் திரும்பிக் கன்சர்வேடிவ் எம்.பி. ஆனார், மந்திரியும் ஆனார். 1968ல் எதிர்க்கட்சி வரிசையில் முன்னணியில் உட்கார்ந்திருந்தார். அப்போது ஆட்சியிலிருந்த தொழிற்கட்சி ஒரு மசோதா கொண்டுவந்தது. நிறத்தைக் காட்டி ஒருவனுக்கு வாடகை வீட்டையோ வேலையையோ மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1968 ஏப்ரல் 20ந் தேதி, பர்மிங்காம் நகரத்து ஓட்டல் ஒன்றிலே பவல் பேசினார். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் குடியேறியவர்களால் நாடே ரத்தக் களரியாகும் என்று பயமுறுத்தினார். மறுநாளே அவருடைய கட்சித் தலைவர் எட்வர்டு ஹீத் அவரை முன்னணியிலிருந்து நீக்கிவிட்டார்.

இதுவரையில் வியப்பொன்றுமில்லை. ஒரு சீமான் பேசினார், இன்னொரு சீமான் நீக்கினார். வியப்பு அடுத்து வந்தது.

ஏப்ரல் 23ந் தேதி. லண்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளிகள், ஆயிரம் பேர் அளவில், வேலையைப் போட்டுவிட்டுப் பார்லிமெண்டு நோக்கி ஊர்வலம் வந்தார்கள். கூலி உயர்வுக்காகவா? இல்லை. குறுக்கு வழியில் ஆட்குறைப்புச் செய்கிற முதலாளியைக் கண்டித்தா? இல்லை. "எங்களுக்கு ஈனாக் வேண்டும்!" என்று கோஷமிட்டு வந்தார்கள். அடுத்த நாள் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையின் சுமைத் தொழிலாளிகளும் அதே பாதையில் வந்தார்கள்.

நினைத்துப் பாருங்கள், தோழர்களே! அதே கிழக்கு லண்டனிலேதான் 1936 அக்டோபர் 4ந் தேதி, மோஸ்லி என்ற பாசிஸ்டுத் தலைவன் தன் கருஞ்சட்டைப் பட்டாளத்தோடு யூதர்களின் தெருக்களுக்குள் நுழைய வந்தபோது, ஐரிஷ் துறைமுகத் தொழிலாளியும் யூதத் தையல்காரனும் தோளோடு தோள் நின்று, கேபிள் தெருவிலே தட்டுமுட்டுச் சாமான்களைக் குவித்துத் தடுத்தார்கள். முப்பத்திரண்டே ஆண்டுகள்! தடுத்தவனின் மகன் பவலுக்காக ஊர்வலம் வருகிறான்!

துறைமுகச் சங்கத்தில் நல்ல தலைவர்கள் இல்லையா? இருந்தார்கள். தியாகிகள் இருந்தார்கள், கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். திகைத்துப் போனார்கள். ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? பாதிரிமார் இருவரை அழைத்து வந்து, துறைமுக வாயிலில் நிற்கவைத்து, மனிதரெல்லாம் ஒன்று என்று உபதேசம் செய்யச் சொன்னார்! நல்ல எண்ணந்தான். தொழிலாளிகள் கூச்சல் போட்டு அவர்களை விரட்டாத குறை. தொழிலாளி ஒருவன் தடுமாறி நிற்கும்போது அவன் முன்னே போய் உபதேசம் செய்தால், அவன் காதுக்கு எட்டுவது "நீ கெட்டவன்" என்ற ஒரே சொல்தான். அந்த வாரம் எடுத்த காலப் கணிப்பிலே நூற்றுக்கு 74 பேர் பவல் சொன்னதை ஆமோதித்தார்கள். நூற்றுக்கு 74 பேரையும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டு யாரைக் கொண்டு சங்கம் நடத்துவது?

சரி, அந்தத் துறைமுகத்திலே வேலைக்கு ஆபத்து இருந்ததா, இல்லையா? இருந்தது! அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் ஆபத்து எங்கிருந்து வந்தது? லண்டன் துறைமுகத்திலே வேலை என்பது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற சொத்துபோல. ஜமைக்காவிலிருந்து வந்தவனும் பஞ்சாபிலிருந்து வந்தவனும் அங்கே நுழைவதே அரிது. வேலையைப் பறிக்க வந்தது ஒரு பெட்டி. ஆம், இரும்புப் பெட்டி! கன்டெய்னர் என்கிறோமே, அதுதான். நூறு பேர் நாட்கணக்கில் இறக்கிய சரக்கை ஒரு பளுதூக்கி இயந்திரம் சில மணி நேரத்தில் இறக்கிவிடும். ஆற்றின் கீழ்ப்புறம் டில்பரியிலே கன்டெய்னர் தளம் ஆயத்தமானதும் அதே 1968ல்தான். பிறகு பாருங்கள்: செயின்ட் காதரின் துறை 1968ல் மூடப்பட்டது. லண்டன் துறை 1969ல். சர்ரே துறை 1970ல். வெஸ்ட் இண்டியா துறை 1980ல். பெரிய ராயல் துறைகள் 1981ல். பவல் நாட்டை விட்டு அனுப்பவேண்டும் என்றாரே, அந்தக் கறுப்பு மனிதனை நாளைக்கே கப்பலேற்றி அனுப்பியிருந்தாலும் ஒரு துறையின் கதவாவது திறந்திருக்குமா?

பவலின் மற்றக் கொள்கைகள் என்ன? சர்க்கார் தொழிலில் தலையிடக் கூடாது. எல்லாவற்றையும் சந்தை பார்த்துக்கொள்ளும். தேசவுடைமை கூடவே கூடாது. அதாவது, முதலாளி பெட்டியைக் கொண்டுவந்தால் கொண்டுவரட்டும், தொழிலாளி தெருவுக்குப் போனால் போகட்டும். ஊர்வலம் வந்தவனுக்கு இதை யாரும் அன்று சொல்லவில்லை. சொன்னவர்களும் பாதிரியாரைக் கூட்டி வந்து வேறு பாஷையிலே சொன்னார்கள்.

நான்கே ஆண்டுகள் சென்றன. கன்டெய்னர் கிடங்குகளின் வாசலிலே மறியல் செய்தார்கள் என்று, அதே லண்டன் துறைமுகத் தொழிலாளிகளில் ஐந்து பேரை 1972 ஜூலையில் பென்டன்வில் சிறையில் அடைத்தது நீதிமன்றம். அடைக்க இடம் கொடுத்த சட்டம் ஹீத் சர்க்கார் போட்ட சட்டம். அவ்வளவுதான்! துறைமுகங்கள் நின்றன, அச்சகங்கள் நின்றன, சிறை வாசலிலே ஜனசமுத்திரம். தொழிற்சங்கக் காங்கிரஸ் ஒரு நாள் பொது வேலை நிறுத்தம் அறிவித்தது. அந்த நாள் வருவதற்கு முன்பே, 26ந் தேதி, ஐவரும் வெளியே வந்தார்கள். பவலுக்காக ஊர்வலம் வந்த துறைமுகந்தான் இது. அந்த ஊர்வலத்தில் நடந்த கால்களில் சில இந்த மறியலிலும் நின்றிருக்கும். மனிதன் மாறிவிட்டானா? எதிரி யார் என்பது கண்ணெதிரே நின்றது; அவனும் திரும்பி நின்றான்.

அந்த வெஸ்ட் இண்டியா துறை இருந்த இடத்தில் இன்று கனரி வார்ஃப் என்று வங்கிகளின் வானுயர் மாளிகைகள் நிற்கின்றன.

நிற்க. இப்போது ஃபராஜுக்கு வருவோம்.

2016ல் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா வேண்டாமா என்று ஜனவாக்கு எடுத்தார்கள். ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஃபராஜ் ஒரு பெரிய விளம்பரப் படத்தின் முன்னே நின்றார். எல்லையற்ற வரிசையாக ஜனங்கள் நடந்து வருகிறார்கள். இனித் தாங்காது என்ற பொருளில் ஒரு வாசகம். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இங்கிலாந்துக் கரைக்குத்தான் வருகிறார்கள் என்று! உண்மையிலே அது 2015ல் குரோஷியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் நடுவே அகதிகள் நடந்து சென்ற படம். எங்கேயோ நடந்த அகதி, எங்கேயோ விழுந்த ஓட்டு! ஜூன் 23ந் தேதி 51.9 சதவிகிதத்தினர் விலகலாம் என்று வாக்களித்தார்கள்.

விலகினார்கள். குடியேற்றம் குறைந்ததா? 2023 ஜூனுடன் முடிந்த ஆண்டிலே, வந்தவர் கணக்கிலிருந்து போனவர் கணக்கைக் கழித்தால் 9 லட்சத்துக்கும் மேல்! விலகுவதற்கு முன் அப்படி ஒரு தொகையைப் பிரிட்டன் கண்டதில்லை. போலந்துக்காரன் வருவது குறைந்தது. முதியோர் இல்லங்களிலே கிழவர்களைக் குளிப்பாட்டவும் சோறூட்டவும் உள்ளூரில் ஆள் கிடைக்காமல், இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். ஏன் கிடைக்கவில்லை? அந்த வேலைக்குக் கொடுக்கும் கூலி அப்படி. கூலியை உயர்த்த இல்லங்களின் சொந்தக்காரர்களுக்கு மனமில்லை, சர்க்காருக்கும் மனமில்லை. நம் நாட்டிலிருந்து போனவர்களில் தரகனிடம் லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு, அங்கே சொன்ன வேலை இல்லாமல் திண்டாடியவர்களும் உண்டு. அப்படிப் போய் வேரூன்றியவர்களின் நிரந்தரக் குடியிருப்பு உரிமையையே ஒழித்துவிடுவேன் என்று 2025 செப்டம்பரில் ஃபராஜ் அறிவித்தார். கூலியை அழுத்தியவன் பெயர் அந்த அறிவிப்பிலே எங்குமில்லை.

இப்படி ஓயாமல் ஊதப்படும் நெருப்பு என்ன செய்யும் என்பதை 2024 ஜூலையில் சவுத்போர்ட் ஊர் பார்த்தது. நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். நெஞ்சை உலுக்கும் கொடுமை. சில மணி நேரத்துக்குள், கொலையாளி படகிலே வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய்ப் பெயரோடு சேதி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. பிடிபட்டவன் கார்டிஃப் நகரிலே பிறந்த பதினேழு வயதுப் பையன். மறுநாள் ஃபராஜ், உண்மை நம்மிடமிருந்து மறைக்கப்படுகிறதோ என்று கேட்டுப் படம் ஒன்று வெளியிட்டார். வன்முறையைப் பின்னர் அவர் கண்டித்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மசூதி தாக்கப்பட்டது. ஆகஸ்டு 4ந் தேதி ராதரம் அருகே, அகதிகள் உள்ளே இருக்கும்போதே ஓட்டலுக்குத் தீ வைத்தார்கள். 7ந் தேதி இரவு ஊருக்கு ஊர் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி, வெறியர்கள் வரமுடியாதபடி நின்றார்கள். கேபிள் தெருவை நினைவூட்டிய இரவு அது.

இனி, தொழிலாளிக்கு இவர் செய்தது என்ன என்று பார்ப்போம். இப்போது தொழிலாளிகளின் கட்சி எங்கள் கட்சிதான் என்று மேடைதோறும் சொல்கிறவர் அல்லவா? 2024 அக்டோபர் 21ந் தேதி, தொழிலாளர் உரிமை மசோதா பார்லிமெண்டிலே ஓட்டுக்கு வந்தது. மணிநேர உறுதியில்லாத வேலைக்குக் கட்டுப்பாடு. வேலையை விட்டு நீக்கி, குறைந்த கூலிக்கு அதே ஆளை மறுபடி எடுக்கும் அக்கிரமத்துக்குத் தடை. நோயில் விழுந்தவனுக்கு முதல் நாளிலிருந்தே படி. சங்கம் ஆலைக்குள் நுழைய உரிமை. இவைதான் அந்த மசோதா. ஃபராஜின் கட்சி எதிர்த்து ஓட்டுப் போட்டது! இளம் தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி அதிகமாக இருப்பதாக வாதிடலாம் என்று 2025 நவம்பரில் பேசியவரும் இவரே.

2024 தேர்தலுக்கு அவர் கட்சி தந்த வாக்குறுதிப் பத்திரத்திலே, கம்பெனி லாபத்தின் மீதான வரியை 25 சதவிகிதத்திலிருந்து படிப்படியாக 15க்கு இறக்குவோம் என்றது. 20 லட்சம் பவுண்டு வரையிலான சொத்துக்கு வாரிசு வரியே கிடையாது என்றது. ஜேவிக்கிலே 20 லட்சம் பவுண்டு சொத்து யாருக்கு இருக்கிறது? 2025 ஜூனில் இன்னொரு திட்டம் வந்தது. வெளிநாட்டுப் பணக்காரன் ஒரு தடவை இரண்டரை லட்சம் பவுண்டு கட்டினால் போதும். அவன் வெளிநாட்டில் சேர்த்த செல்வத்துக்குப் பத்தாண்டு பிரிட்டனிலே வரியில்லை. கட்டிய பணத்தை, மிகக் குறைந்த கூலி வாங்கும் 25 லட்சம் தொழிலாளிகளுக்குப் பங்கு வைப்பார்களாம். 6,000 பேர் கட்டினால் ஆளுக்கு ஆண்டுக்கு 600 பவுண்டு. வாரத்துக்குப் பதினொன்றரைப் பவுண்டு. அந்த ஆண்டு சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரத்திலே ஒரு மணி நேரக் கூலிகூட இல்லை! கோடீஸ்வரனுக்குக் கோட்டை, உழைப்பாளிக்குச் சில்லறை.

அவருடைய சொந்தக் கணக்கையும் ஒரு வரியிலே பார்த்துவிடலாம். தங்கக் கட்டி விற்கும் கம்பெனி ஒன்றுக்கு விளம்பரத் தூதராக, மாதம் ஏறத்தாழ நாலு மணி நேர வேலைக்கு, 1,89,300 பவுண்டு வாங்கியதாகப் பார்லிமெண்டுப் பதிவேட்டிலே அவரே எழுதிக்கொடுத்திருக்கிறார். குறைந்தபட்சக் கூலிக்கு உழைப்பவன் முழு நேரம் எட்டு ஆண்டு உழைத்தால் அந்தத் தொகையைத் தொடலாம். கட்சிக்கு? 2025 ஆகஸ்டிலே, தாய்லாந்தில் வாழும் முதலீட்டாளர் ஒருவர் ஒரே கையெழுத்தில் 90 லட்சம் பவுண்டு கொடுத்தார்.

ஆனால் தோழர்களே, இந்தக் கணக்கையெல்லாம் மேடையில் அடுக்கி, "பார்த்தாயா, ஏமாந்தாயே!" என்று அந்தத் தொழிலாளியிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? "நீ எங்கேயிருந்தாய்?" என்று திருப்பிக் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது 1900ல் தொழிற்சங்கங்களே கூடிப் பெற்றெடுத்த தொழிற்கட்சி.

வேல்ஸ் நாட்டிலே போர்ட் டால்பட் இரும்பாலை. அதன் சொந்தக்காரர் வேறு யாருமல்ல, நம் டாட்டா கம்பெனிதான். 2024 செப்டம்பர் 30ந் தேதி அங்கே கடைசி ஊதுலையை அணைத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை போயிற்று. அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. மின்சார உலை கட்டிக்கொள்ள சர்க்கார் கம்பெனிக்கு 50 கோடி பவுண்டு தருகிறது. வேலை போனவன் எஞ்சிய காலத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான். 2025 ஜூனிலே ஃபராஜ் அங்கே போனார். ஊதுலைகளை மறுபடி ஏற்றுவேன், நிலக்கரிச் சுரங்கங்களைத் திறப்பேன் என்றார். அணைந்து இறுகிப்போன ஊதுலை வீட்டு அடுப்பல்ல, குச்சி கிழித்தால் பற்றிக்கொள்ள! ஆலையில் உழைத்தவனுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டு நின்றான், ஏனென்றால் ஊதுலை என்ற சொல்லை அவனெதிரே வந்து சொல்ல ஒருவராவது வந்தாரே! ஸ்கன்தார்ப் இரும்பாலை மூடும் அபாயத்தில் நின்றபோது, அதைத் தேசவுடைமையாக்கு என்றும் அவர் சொன்னார். சரியானதை யார் சொன்னாலும் சரிதான். 1988ல் அந்த இரும்புத் தொழிலைத் தனியாருக்கு விற்ற மார்கரெட் தாட்சரை அவர் போற்றுகிறவர் என்பதையும் அந்த ஊர் மக்களுக்கு யாராவது நினைவுபடுத்தியிருக்கலாம்.

2024 தேர்தலில் தொழிற்கட்சி வாங்கியது நூற்றுக்கு 33.7 ஓட்டுத்தான், இடங்களோ நானூற்றுக்கும் மேல். ஃபராஜ் கட்சிக்கு 41 லட்சம் ஓட்டு, ஐந்தே இடம். ஸ்டார்மர் பிரதமரானார். ஆட்சியேறிய மாதமே, கிழவர் கிழவிகளுக்குக் குளிர்காலத்தில் கணப்புச் செலவுக்குத் தந்துவந்த பணத்தை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு நிறுத்துவதாக அறிவித்தார்கள்! பெரிய சீமான்களின் சொத்துக்கு வரி போடத் தயங்கிய கை, கிழவியின் கணப்பிலே நுழைந்தது. ஓராண்டு கழித்து, 2025 ஜூனில், பெரும்பாலோருக்குத் திருப்பித் தந்தார்கள். அதற்குள்ளே அடி விழுந்துவிட்டது. மே 1ந் தேதி நடந்த ஊராட்சித் தேர்தல்களில் ஃபராஜ் கட்சி 677 இடங்களைப் பிடித்தது. அதே நாளில் நடந்த ரன்கார்ன் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் கோட்டையை ஆறே ஓட்டில் பறித்தது. ஆறே ஓட்டு! ஒரே ஒரு தெருவிலே ஒருவர் கதவைத் தட்டியிருந்தால் கிடைத்திருக்கும் ஓட்டு. தொழிலாளர் உரிமை மசோதா 2025 டிசம்பரில் சட்டமாகியது; ஆனால் காரணமின்றி நீக்குவதற்கு எதிராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு என்று தந்த வாக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகு என்று தேய்ந்த பிறகுதான்.

இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம். நிலக்கரி வெட்டியே வாழ்ந்த நாடு. 1919ல் தொழிற்கட்சி முதன் முதலாகக் கைப்பற்றிய மாவட்டக் கவுன்சில் அதுதான். பத்து வயதிலே சுரங்கத்துக்குப் போன பீட்டர் லீ அதன் தலைவரானார். அங்கே கடைசி ஆழ்சுரங்கம் 1993 முடிவில் மூடப்பட்டது. 2025 மே மாதத் தேர்தலிலே அந்தக் கவுன்சிலின் 98 இடங்களில் 65 ஃபராஜ் கட்சிக்கு; தொழிற்கட்சிக்கு 4.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 12ந் தேதி, 1871லிருந்து நடந்துவரும் சுரங்கத் தொழிலாளர் திருவிழா அங்கே வழக்கம்போல நடந்தது. சுரங்கம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மூடிப்போன ஒவ்வொரு சுரங்கத்தின் பெயரையும் எழுதிய பட்டுக் கொடிகளை, வாத்தியக் கோஷ்டி முன்னே செல்ல, ஊர் ஊராக மக்கள் தூக்கி வந்தார்கள். கொடிக்குப் பின்னே நடந்தவர்களிலும், தெருவோரம் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி நின்றவர்களிலும், மே மாதம் ஃபராஜ் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? தாத்தாவின் சுரங்கத்துக் கொடியைப் பார்க்கத்தான் அவர்களும் வந்திருப்பார்கள்.